கண்டமாலையும் கண்டக்கழலையும்

தமிழ் மருத்துவத்திலே ‘கண்டமாலை’ என்றொரு நோய்ப்பெயர் வழங்குகின்றது. கண்டம் என்பது கழுத்து. அதனைச் சுற்றி மாலை கோத்தாற்போல நெறிக்கட்டிகள் தோன்றுவதால் அப்பெயர். கழுத்தின் முன்புறத்தே தைரொயிட்டுச் சுரப்பி பருத்தெழும் வீக்கத்தையும் நம்மவர் இப்பெயராலேயே குறிக்கின்றனர். பின்னதைக் ‘கண்டக்கழலை’ என வேறுபிரித்தல் பொருத்தம். பெயர் மயங்கின் மருந்தும் மயங்கும். இதனைக் காத்தான்குடியிலே நேரிற் கண்டேன்.

என்னிடம் நன்னூல் பயின்ற மாணவி ஒருத்தி, ஏழுமாதக் கர்ப்பிணியாய் ஒருநாள் இல்லம் வந்தாள்.

“சேர், படுத்தால் மூச்சு அடைக்குது. சாய்ந்திருந்துதான் உறங்குறன்” என்றாள்.

“பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்குறது வழமைதானே, மாஸ்டர்! கண்டமாலைக்குப் பற்றுப் போட்டிருக்கம்” என்றார், உடன்வந்த உம்மா.

அவள் மூச்சை உள்ளிழுக்குந்தோறும் சீழ்க்கை போன்றதோர் ஒலி எழுந்தது. அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினேன். கழலை மார்பெலும்பின் பின்னே இறங்கி, மூச்சுக்குழாயை நெருக்கியிருந்தது. வைத்தியர்கள் அவளை அங்கேயே தங்கவைத்து, மயக்கமருந்து வல்லுநரோடு முன்னரே கலந்து, மகப்பேற்றை நடத்தினர். தாயும் சேயும் நலமெய்தினர்.

கர்ப்பகாலத்திலே இச்சுரப்பியின் வேலை மிகுகின்றது. கருவின் சுரப்பி தொழிற்படும்வரை தாயின் சுரப்பே அதற்குத் துணை. சிறுநீர்வழியே அயடீனும் மிகுதியாகக் கழிகின்றது. ஆதலின் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதுமாயினும், கர்ப்பிணிக்கு 250 வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அயடீன் குறையின் சுரப்பி பருக்கும். முன்னரே கழலையிருப்பின் அது மேலும் பெருத்து மூச்சுக்குழாயை நெரித்தலும் கூடும். கருப்பை வளர்ந்து உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் இடர் இரட்டிக்கும். தாங்கொணா நெருக்கமாயின் கர்ப்பத்தின் நடுமாதங்களிலே அறுவை செய்தலும் உண்டு.

கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் நமக்கு அயடீன் குறைவு ஏது என்பாரும் உளர். கடல்நீரை வற்றவைத்தெடுக்கும் உப்பிலே இயல்பாக உள்ள அயடீன் மிகச் சொற்பம். அதனாலேயே 1995 இல் உணவுக்குரிய உப்பில் அயடீன் சேர்த்தலை இலங்கை சட்டமாக்கியது. அவ்வுப்பை மூடிவைத்து, கறியை இறக்கும் வேளையில் இடுதல் நன்று.

கழுத்து வீக்கத்தோடு, படுத்தால் மூச்சடைப்பு, உள்ளிழுக்கையிற் சீழ்க்கை, குரல் கம்மல், விழுங்குதற்கு இடர் என்பவற்றுள் ஒன்று கூடினும், வழமையான இரைப்பென்று வாளாவிருத்தல் தகாது.

சின்னாட்களின் பின் அவ்வும்மா பேரப்பிள்ளையோடு வந்தார்.

“மாஸ்டர், அதுக்கு என்ன பேர் எண்டு சொன்னீங்க?”

“கண்டக்கழலை” என்றேன். இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.