தவணை முறையில் வந்து சேரும் உடல்

பாஸ்டனில் அதிகாலை 3 மணி. ஜனவரிக் குளிர். மதுரையில் மூன்று வார விடுமுறையைக் கழித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்த மாணவர், அறை நண்பர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று விளக்கைப் போடாமல் முறுக்கு டப்பாவைத் திறக்கிறார். அப்படியொரு பசி. மதுரையில் அப்போது பிற்பகல் 1.30 மணி, அவருடைய வயிறு இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிற்பகல் 3 மணி வகுப்பில் அவருக்குக் கண் சொருகினால் அதற்குப் பேராசிரியர் பொறுப்பல்ல. ஊரில் அப்போது நடுநிசி தாண்டி ஒன்றரை மணி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அடுத்த செமஸ்டர் ஜனவரி நடுவில் தொடங்கிவிடும். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். 23 கிலோ பெட்டிகள் இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன. உடல் மட்டும் தவணை முறையில்தான் வந்து சேர்கிறது.

தலைமையும் கிளைகளும்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்களால் ஆன சின்ன முடிச்சு ஒன்று உண்டு. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கல்லீரல், குடல், தசை என்று உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் இருக்கின்றன. இந்தக் கடிகாரங்கள் ஓடுவது இப்படித்தான்: செல்லுக்குள் ஒரு மரபணு புரதத்தை உண்டாக்குகிறது. புரதம் சேரச் சேர அந்த மரபணுவையே அடக்குகிறது. புரதம் சிதைந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பழ ஈக்களை வைத்து இதை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். ஹாலும் ராஸ்பாஷும் ஆய்வு செய்த பிராண்டைஸ் பல்கலைக்கழகம், நம் மாணவர் முறுக்கு கொறிக்கும் பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தின் பேச்சைக் கேட்கும். கல்லீரல் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தின் பேச்சைக் கேட்கும். தலைமை அலுவலகம் பாஸ்டன் நேரத்துக்கு மாறத் தொடங்கினாலும், கிளை அலுவலகங்கள் சில நாள் மதுரை நேரத்தில்தான் திறக்கும். ஜெட் லாக் என்பது வெறும் தூக்கக் கேடு அல்ல, உறுப்புகளுக்குள் நடக்கும் கருத்து வேறுபாடு. அதிகாலை முறுக்கு அந்தச் சண்டையை இழுத்தடிக்கும்.

எப்போது வெயிலில் நடப்பது?

மனித உடலின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது, முன்னால் இழுப்பதைவிடச் சுலபம். மேற்கே பறந்தவர்களின் உடல் பொதுவாக ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் வரை நகர்கிறது. கிழக்கே பறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்தான். மதுரையிலிருந்து மேற்கே வந்த நம் மாணவருக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம் தீர ஏறத்தாழ ஒரு வாரம்.

இதை விரைவுபடுத்த வெயில் உதவும், நேரம் பார்த்து நடந்தால். உடல் வெப்பம் மிகவும் இறங்கும் விடியற்காலைக்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். மதுரையின் அந்த நேரம் பாஸ்டனில் நண்பகல் முதல் மாலை வரை. ஜனவரியில் அங்கே நாலரை மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். எனவே முதல் சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் சாயாமல், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடப்பது நல்லது. மேகம் மூடிய வானம்கூட வகுப்பறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும்.

மூக்கின் கணக்கு

கடிகாரம் சரியான பிறகும் ஒரு கனம் நெஞ்சில் தங்கும். 1688இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் இதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். திரும்புதல், வலி என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அவர் விவரித்த நோயாளிகளில் ஒருவர், பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். இன்று ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். படுத்த படுக்கையாகக் கிடந்தவர், ஊருக்குக் கிளப்பியதும் வழியிலேயே தேறத் தொடங்கினாராம்.

பெட்டியைத் திறந்ததும் சாம்பார் பொடியும் துவைத்து மடித்த வேட்டியும் தொண்டையை அடைக்கச் செய்வதற்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. பார்வையும் ஒலியும் மூளையின் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே மேலே செல்கின்றன. வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேராகத் தொடுகிறது.

அதே மூக்கு, தினமும் முகரும் வாசனையைச் சீக்கிரமே கணக்கிலிருந்து தள்ளிவிடும். மூன்று வாரம் பூட்டிக் கிடந்த பாஸ்டன் அறை முதல் நாள் யாரோ ஒருவருடைய அறைபோல் வீசும்; சில நாளில் அந்த வாசனை தெரியாமல் போகும். கடைசித் தவணையும் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த விடுமுறையில் மதுரை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பிறந்து வளர்ந்த அந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை இருப்பது அவருக்குத் தெரியும். அங்கேயே இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது.