மாற்றிய முழங்காலிற் புதுநோவு

முழங்கால் மூட்டில் தேய்ந்த பாகத்தை மாத்திரம் அகற்றி உலோகம் பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு, ஒக்ஸ்போர்ட் அறிஞர் குட்ஃபெலோவும் ஓ'கொனரும் அமைத்த உறுப்பு 1982 முதல் பயன்பட்டு வருகின்றது. நோவு தீர்ந்து நடந்த காலிற் புதுநோவு தோன்றின், பழைய வாதமென்று தைலம் பூசி வாளாவிருத்தல் தகாது. சில வாரங்களுள் வருவது கீழென்பின் வெடிப்பாகலாம். பல்லாண்டு கழித்து வருவது மாற்றாதுவிட்ட மறுபாகத்தின் தேய்வோ உலோகத்தின் தளர்வோ ஆகலாம். பேசாலைக் கரையிற் குந்தியிருந்து வலை பொத்துவோரும், திருக்கேதீச்சரத்தில் நிலத்தமர்ந்தெழுவோரும் இன்னொன்றும் அறிதல் வேண்டும்: காலை மிக மடக்குங்கால், இவ்வுறுப்பின் நடுவே அசையும் பிளாஸ்திக் வில்லை திடீரென இடம்பெயர்தல் கூடும். இடுப்புமூட்டின் நோவு முழங்காலில் உணரப்படுதலும் உண்டு; விந்தையே! வீக்கமும் காய்ச்சலும் சேரின் கிருமித்தொற்றென ஐயுற்று, அன்றே மன்னார் வைத்தியசாலையை நாடுக.