ஒரே ஊர், பல முகவரி: கூகுள் முதல் பக்கத்துக்கு அப்புறம் எங்கே தேடுறது?

இந்த வாரம் ஒரு க்விஸ் கேள்வியோட ஆரம்பிக்கலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் எந்த மாவட்டத்துல பிறந்தார்?

திருத்தணியில பிறந்தார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. திருத்தணி இப்போ திருவள்ளூர் மாவட்டம். ஆனா அவர் பிறந்த 1888ல அது சென்னை மாகாணத்து வட ஆற்காடு மாவட்டம். 1911ல சித்தூர் மாவட்டம்னு புதுசா ஒண்ணை உருவாக்கினப்போ, திருத்தணி அதுக்குள்ள போச்சு. 1953ல ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்போ சித்தூரோட சேர்ந்து ஆந்திராவுக்குப் போச்சு. 1956ல அந்த மாநிலம் ஆந்திரப் பிரதேசம் ஆச்சு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திரும்பவும் சென்னை மாநிலத்துக்கு வந்து, செங்கல்பட்டு மாவட்டத்துல சேர்ந்தது. 1969ல மாநிலத்தோட பேர் தமிழ்நாடு. 1997ல திருவள்ளூர் மாவட்டம் தனியா பிரிஞ்சது. இத்தனைக்கும் மலையும் கோயிலும் ஓர் அடி கூட நகரலை.

இன்னைக்கு எபிசோட் ரெஃபரன்ஸ் தளங்களைப் பத்தி. சந்தேகம் வந்தா போய்ப் பார்க்கிற அகராதி, கலைக்களஞ்சியம், சட்டத் தொகுப்பு, பழைய வரைபடம் மாதிரியான இடங்கள். 'நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பத்து தளங்கள்'னு லிஸ்ட் போட்டா கேட்டுட்டு மறந்துடுவீங்க. அதனால ஒரே ஒரு சின்ன ஊரை எடுத்துக்கிட்டு, அதைப் பத்தி இணையத்துல எவ்வளவு தூரம் தோண்ட முடியும்னு பார்ப்போம். ஊர், என்னோட ஊர்தான்: பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்குப் பக்கத்துல, பள்ளிப்பட்டு வட்டத்துல இருக்கிற நெசவு ஊர். கொஞ்ச தூரம் போனா ஆந்திர எல்லை. தறிச் சத்தம் கேட்டா வீட்டுக்கு வந்துட்டோம்னு அர்த்தம்.

முதல்ல எல்லாரும் போற இடம் விக்கிப்பீடியா. போறது தப்பில்லை. ஆனா அங்கேயே நின்னுடக் கூடாது. நான் கட்டுரையைப் படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்தைப் பார்ப்பேன். ஒண்ணு, கீழே இருக்கிற மேற்கோள்கள். இன்னொண்ணு, மேலே 'வரலாறு'ன்னு ஒரு தாவல் இருக்கும். யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு அதுல தெரியும். சின்ன ஊர்களோட பக்கங்கள்ல மக்கள்தொகை எண் பெரும்பாலும் 2011 கணக்கெடுப்புல இருந்து எடுத்தது. 2021ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால, 'இப்போதைய மக்கள்தொகை'ன்னு வேற எங்கேயாவது துல்லியமா ஒரு எண் போட்டிருந்தா, அது யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டது. கணக்கெடுப்பு ஆணையரகத்தோட தளத்துலயே மாவட்டக் கையேடுகள் பிடிஎஃப்பா இருக்கு. திருவள்ளூர் மாவட்டக் கையேட்டை ஒரு தடவை இறக்கி வெச்சுக்கிட்டா, மாவட்டத்துல இருக்கிற ஊர்களோட விவரங்களை அட்டவணையாவே பார்க்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நேரத்தை மிச்சப்படுத்தும். ஊர்ப் பேரை ஒரே ஸ்பெல்லிங்ல தேடாதீங்க. பொதட்டூர்பேட்டையை ஆங்கிலத்துல எழுதும்போது சிலர் 'பேட்'டோட நிறுத்துவாங்க, சிலர் 'பேட்டை'ன்னு முழுசா எழுதுவாங்க. 'த'வுக்கு ஒருத்தர் 'டிஎச்' போடுவார், இன்னொருத்தர் 'டி' மட்டும் போடுவார். பழைய அரசாங்க ஆவணம்னா இன்னும் மோசம். பொறுமையா நாலஞ்சு விதமா அடிச்சுப் பார்க்கணும்.

சரி, இதெல்லாம் ஜெனரல் நாலெட்ஜுக்குத்தானேன்னு கேட்கலாம். எங்க வீட்டுல அப்படி இல்லை.

என் தங்கச்சிக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. எந்த அலுவலகம்னு சொல்ல வேண்டாம். ஆதாரத்துக்கு எங்க தாத்தாவோட பள்ளிச் சான்றிதழைக் கொண்டு போயிருந்தா. அதுல பிறந்த இடம்னு ஊர் பேருக்குக் கீழே 'சித்தூர் ஜில்லா'ன்னு இருந்தது. கவுன்ட்டர்ல இருந்தவர் அதைப் பார்த்துட்டு, "அப்போ நீங்க ஆந்திராவுல இருந்து வந்தவங்களாம்மா?"ன்னு கேட்டிருக்கார். வேற மாநிலத்துல இருந்து குடிபெயர்ந்த குடும்பம்னு ஆயிட்டா, அப்புறம் நடைமுறையே வேற. தாத்தா அந்தத் தெருவை விட்டு எங்கேயும் போனதில்லை. அவரைச் சுத்தி மாநிலம்தான் போயிட்டு வந்தது. ஆனா அதை வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது இல்லையா?

யூடியூப்ல வடக்கெல்லைப் போராட்டம் பத்தி உணர்ச்சிகரமான வீடியோக்கள் நிறைய இருக்கு. அதை எந்த கவுன்ட்டர்லயும் காட்ட முடியாது. எங்களுக்குத் தேவைப்பட்டது, கிடைச்சது, ரெண்டும் ஒரு சட்டம்: 1959ஆம் வருஷத்து ஆந்திரப் பிரதேசம், சென்னை எல்லைகள் மாற்றச் சட்டம். அந்த வருஷத்தோட 56ஆம் எண் சட்டம். படாஸ்கர் கொடுத்த பரிந்துரையோட அடிப்படையில நாடாளுமன்றம் நிறைவேற்றினது. அதன்படிதான் திருத்தணிப் பக்கம் இங்கே வந்தது, சத்தியவேடு பக்கம் அங்கே போனது. இந்த மாதிரி மத்தியச் சட்டங்களை எல்லாம் இந்திய அரசோட 'இந்தியா கோட்' தளத்துல இலவசமா படிக்கலாம். சட்டத்தோட பேரோ, வருஷமும் எண்ணுமோ தெரிஞ்சா போதும்.

சட்டத்தைத் திறந்ததும் முதல் பக்கத்துல இருந்து வரிவரியா படிக்க ஆரம்பிச்சா தூக்கம் வந்துடும். நேரா கடைசிக்குப் போங்க. இந்த மாதிரி எல்லைச் சட்டங்கள்ல உயிரே பின்னாடி இருக்கிற அட்டவணைகள்லதான். எந்தப் பகுதி எந்தப் பக்கம் போச்சுன்னு அங்கேதான் இருக்கும். அப்புறம், 'நியமிக்கப்பட்ட நாள்'னு சட்டம் எந்தத் தேதியைச் சொல்லுதுன்னு பாருங்க. இந்தச் சட்டத்துல அது 1960 ஏப்ரல் 1. அந்த ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, பென்சில்ல கோடு போட்டு, தாத்தா சான்றிதழோட சேர்த்து வெச்சு தங்கச்சி திரும்பவும் போனா. அந்த மனுஷர் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு, "இது எனக்கு ஒரு காப்பி வேணும், இந்தப் பக்கத்துல இருந்து நிறைய பேர் வர்றாங்க"ன்னு கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டார். சான்றிதழ் வர இன்னும் மூணு வாரம் ஆச்சு. அது வேற கதை.

இந்தப் போராட்டத்தோட கதையையும் தெரிஞ்சுக்கணும்னா, ம.பொ.சிவஞானம் எழுதினதைப் படிக்கலாம். அவரோட நூல்கள் நாட்டுடைமை ஆனதால தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்துல தேடலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்: ம.பொ.சி. அந்தப் போராட்டத்தை நடத்தினவர். அவர் சொல்றது ஒரு தரப்போட சாட்சி. அதே வருஷங்களைச் சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர் எழுதினா வேற மாதிரி இருக்கும். ஊர் எந்தப் பக்கம் போச்சுங்கிறதுக்குச் சட்டம், ஏன் அவ்வளவு கோபம் வந்ததுங்கிறதுக்கு ம.பொ.சி.ன்னு நான் பிரிச்சு வெச்சுப்பேன்.

அதே தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலதான் தமிழோட முதல் பெரிய கலைக்களஞ்சியமும் இருக்கு. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிகள். 1954ல ஆரம்பிச்சு 1968ல முடிஞ்சது. இந்த வருஷங்களைக் கவனிச்சீங்களா? நடுவுல 1960 வருது. முன்தொகுதியில ஒரு ஊரைப் பத்திச் சொன்னதும் பின்தொகுதியில சொன்னதும் ஒத்துப்போகலைன்னா, ரெண்டுமே சரியா இருக்கலாம். தகவலை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தொகுதி எந்த வருஷம் அச்சானதுன்னு பாருங்க.

இன்னும் பின்னாடி போகணும்னா ஆர்க்கைவ்.ஆர்க். வட ஆற்காடு மாவட்டத்தைப் பத்தி 1881ல ஆர்தர் காக்ஸ் ஒரு கையேடு எழுதினார். 1890கள்ல ஹரால்ட் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி ரெண்டு தொகுதியா கொண்டுவந்தார். கார்வேட்டிநகரம் ஜமீன், நெசவு, ஏரி, வரி எல்லாம் அதுல வரும். புத்தகத்துக்குள்ளேயே தேடுற வசதி இருக்கு. ஆனா ஸ்கேன் செஞ்ச எழுத்தைக் கணினி தப்பா படிச்சிருக்கும்கிறதால, கிடைக்கலைன்னா இல்லைன்னு முடிவு பண்ணிடாம, பின்பக்கத்து அகராதி வரிசையைக் கண்ணால பாருங்க. இன்னொரு எச்சரிக்கையும் இருக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் மழையளவு எழுதினா நம்பலாம். சாதிகளோட குணம் என்னன்னு எழுதினா, அது அவங்களோட குணத்தைத்தான் காட்டும்.

அதே ஆர்க்கைவ்ல வேபேக் மெஷினும் இருக்கு. அரசுத் தளங்கள் முகவரி மாறும்போது பழைய பக்கங்கள் காணாமப் போயிடும். பழைய லிங்க்கை அதுல போட்டுப் பார்த்தா சில நேரம் கிடைக்கும்.

வரைபடப் பிரியர்களுக்கு: டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்துல, அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு தயாரிச்ச இந்திய வரைபடங்கள் இருக்கு. பெரும்பாலான தாள்கள் 1950களைச் சேர்ந்தவை. திருத்தணிப் பக்கத்துத் தாளையும் இன்னைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருக்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிடும்.

கல்வெட்டுக்கு வருவோம். திருத்தணின்னா முருகன் மலைதான் எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல வீரட்டானேஸ்வரர் கோயில்னு பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒண்ணு இருக்கு. அபராஜித வர்மன் காலத்துல நம்பி அப்பிங்கிறவர் கட்டினது. அங்கே கல்லுல ஒரு வெண்பா வெட்டியிருக்கு. அதைப் பாடினது மன்னரேதான்னு கல்வெட்டே சொல்லுது. பல்லவ ராஜா ஒருத்தர் தமிழ்ல எழுதின கவிதை, நம்ம ஊருக்குப் பக்கத்துல! இந்தக் கல்வெட்டெல்லாம் தொல்லியல் துறையோட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில இருக்கு. பல்லவர் கல்வெட்டுகளுக்கு 12ஆவது தொகுதி. திருத்தணிக்குப் பக்கத்து வேலஞ்சேரியில கிடைச்ச செப்பேடுகளை நாகசாமி பதிப்பிச்சிருக்கார், அதையும் தேடிப் பாருங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச தளம். சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய டிஜிட்டல் நூலகம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பின்னிணைப்போட சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல சொற்கள், அங்கே முழுசா தேடலாம். வின்ஸ்லோ, பெப்ரீஷியஸ் அகராதிகளும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கேயே இருக்கு. சி.பி. பிரௌனோட தெலுங்கு அகராதியும் இருக்கு. எல்லையோரத்து ஆளுக்கு இது புதையல்.

இதுல ஒரு தந்திரம் இருக்கு. சொல்லை வெச்சு அர்த்தத்தைத் தேடுறது எல்லாரும் செய்றது. நீங்க தலைகீழா தேடுங்க. முழு உரையில தேடுற பெட்டியில 'வீவர்', 'லூம்'னு ஆங்கிலத்துல அடிச்சா, நெசவு சம்பந்தமா அகராதியில இருக்கிற சொல்லெல்லாம் வரிசையா வந்து நிக்கும். பாவு, ஊடை, நாடா, அச்சு... எங்க தெருவுல தினமும் புழங்கற சொற்கள். எங்க ஊர்ல தமிழ்க் குடும்பம் 'தறி'ன்னு சொல்றதைத் தெலுங்குக் குடும்பம் 'மக்கம்'னு சொல்லும். நாம பாவு, ஊடைன்னு சொல்றதை அவங்க 'படுகு', 'பேக்க'ன்னு சொல்வாங்க. பிரௌன் 1852ல வெளியிட்ட அகராதியில இருக்கிற அதே வார்த்தைகள், பக்கத்து வீட்டுல இன்னமும் உயிரோட இருக்கு.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ 'தார்'னு சொன்னா ரோடு ஞாபகம் வரும். பேரகராதியில அதே சொல்லுக்கு மாலை, வாழைக்குலை, படையோட முன்வரிசைன்னு அர்த்தம் அடுக்கிட்டே போகும். எங்க பாட்டிக்குத் தார் சுத்துறதுன்னா ஊடை நூலைச் சின்னக் குழல்ல சுத்தி, நாடாவுக்குள்ள போடத் தயார் பண்றது. ராட்டையில உட்கார்ந்து கதை பேசிக்கிட்டே சுத்துவாங்க. இப்போ பெரும்பாலும் விசைத்தறி, அதுக்கும் மோட்டார் வந்தாச்சு. நூல் எந்த விரல் வழியா போகணும், எப்போ கை தளரணும்னு பாட்டி சொன்னதை நான் எந்த அகராதியிலயும் எதிர்பார்க்கலை. ஆனா அந்தச் சொல்லை எங்க ஊர்க்காரங்க எப்படி உச்சரிப்பாங்கங்கிறதையாவது சேர்த்து வைக்கலாம். தமிழ் விக்சனரியில யார் வேணும்னாலும் சொல் சேர்க்கலாம், உச்சரிப்பைப் பதிவு பண்ணி விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்தலாம். பாட்டி குரல்ல இதுவரைக்கும் பதினேழு சொல் பதிவாகியிருக்கு. பின்னாடி விசைத்தறிச் சத்தம் வருதுன்னு மூணை மட்டும் திரும்ப எடுக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் கட் இருக்காம், அப்போ வரச் சொல்லியிருக்காங்க.

உங்க வீட்டுல, உங்க தொழில்ல மட்டும் புழங்கற சொல் ஏதாவது இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஊர் பேரைச் சொல்ல மறந்துடாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.