முன்னச்சு நடுக்கம்

முன்னச்சு நடுக்கம் என்பது, இரு முன்சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சைக் கொண்ட வாகனங்களில், முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக விரைந்து ஆடத் தொடங்கி, வேகம் குறையும் வரை ஓயாமல் தொடரும் குறைபாடு ஆகும். வட அமெரிக்க ஓட்டுநர்கள் இதனை "டெத் வாபிள்", அதாவது மரண ஆட்டம், என்று அழைக்கின்றனர். போர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500 போன்ற நான்கு சக்கர இயக்கமுள்ள கனரகப் பிக்கப் வாகனங்களிலும், ஜீப் ராங்லரிலும் இது அறியப்பட்ட ஒன்றாகும். உயரம் கூட்டப்பட்டுப் பின்னர் கைமாறிய பழைய பிக்கப்களில் இதற்கான வாய்ப்பு மிகுதி.

இயங்குமுறை

நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு சக்கரம் சிறு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறி இறங்கும்போது நடுக்கம் தொடங்குவது வழக்கம். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இருப்பதால், ஒன்றின் அசைவு மற்றொன்றுக்கும் செல்கிறது. மூட்டுகளில் தளர்வு இல்லாவிடில் இவ்வசைவு உடனே அடங்கிவிடும். தளர்வு இருப்பின், வாகனத்தின் முன்னோக்கிய இயக்கத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று ஆட்டம் வளர்கிறது. எனவே இது தற்தூண்டல் அதிர்வு வகையைச் சேர்ந்ததாகும். சக்கரம் சமநிலையில் இல்லாததால் தோன்றும் சாதாரண அதிர்வு வேறு; அது குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, வேகம் மாறியதும் மறையும்.

உயரம் கூட்டுவதன் விளைவுகள்

பெரிய டயர்களைப் பொருத்துவதற்காகச் சுருள்வில்களை மாற்றியோ, அவற்றின் மேல் இடைத்துண்டுகளை வைத்தோ வாகனத்தை உயர்த்துவர். அப்போது ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் வடிவியல் மூன்று வகையில் மாறுகிறது.

1. அச்சு பக்கவாட்டில் நகர்தல்: அச்சு இடவலமாக நகராதபடி அதனைச் சட்டத்துடன் இணைக்கும் தண்டு பன்ஹார்டு தண்டு எனப்படும். அமெரிக்காவில் இதனை ட்ராக் பார் என்பர். எடுத்துக்காட்டாக, 800 மி.மீ. நீளமுள்ள தண்டின் இரு முனைகளுக்கும் இடையே 100 மி.மீ. உயர வேறுபாடு இருந்தால், அதன் கிடைமட்ட நீளம் ஏறத்தாழ 794 மி.மீ. ஆகும். வாகனத்தை மேலும் 100 மி.மீ. உயர்த்தினால் இது 775 மி.மீ. ஆகக் குறைகிறது. அதாவது அச்சு ஏறத்தாழ 19 மி.மீ. ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது.

2. காஸ்டர் கோணம் குறைதல்: சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர் ஆகும். இதுவே சக்கரத்தை நேராக நிற்கச் செய்கிறது. அச்சை உறுதியாகப் பிடித்திருக்கும் 1000 மி.மீ. நீளக் கரம், 100 மி.மீ. உயர்வினால் ஏறத்தாழ 5.7 பாகை சாய்கிறது. அச்சும் அவ்வளவே சுழல்கிறது. முதலில் 4 பாகை காஸ்டர் இருந்திருந்தால், அது எதிர்க்குறிக்கே சென்றுவிடும். வாகனம் சாலையில் அலையத் தொடங்கும்.

3. தானாகத் திரும்புதல்: ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் இழுதண்டும் பன்ஹார்டு தண்டும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இணையாகவும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றின் கோணம் மட்டும் மாற்றப்பட்டால், மேடு பள்ளங்களில் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

குறையைக் கண்டறிதல்

பாகங்களை ஊகத்தின்பேரில் மாற்றுவது பெருஞ்செலவில் முடியும். எனவே பின்வரும் வரிசை பயனுள்ளது.

* சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் இயங்க, கைத்தடை இட்ட நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இருபுறமும் திருப்ப வேண்டும். மற்றவர் பக்கவாட்டிலிருந்து மூட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஒரு பாகம் அசைந்து, அதனுடன் இணைந்த பாகம் தாமதித்து அசைந்தால் அங்கே தளர்வு உள்ளது.
* பன்ஹார்டு தண்டின் ரப்பர் புஷ்களையும் போல்ட் துளைகளையும் முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்த போல்ட்டுடன் நீண்ட காலம் ஓடினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். அந்நிலையில் போல்ட்டை இறுக்குவதால் மட்டும் பயனில்லை. தாங்கியைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும்.
* எஞ்சினை நிறுத்தி, அச்சை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங்கின் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் தெரியும் தளர்வு, ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளிலோ பேரிங்கிலோ இருக்கலாம்.
* டயர்களின் காற்றழுத்தம், சமநிலை, சீரற்ற தேய்மானம் ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

சரிசெய்தல்

முதலில் தளர்வையும், அடுத்து வடிவியலையும் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த மூட்டுகளுடன் செய்யப்படும் வீல் அலைன்மென்ட் நிலைக்காது. நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்டு தண்டைப் பொருத்தி அச்சை நடுவே கொண்டுவரலாம். கரங்களின் சட்டத்துப் பக்க முனையைத் தாழ்த்தும் தாங்கிகளால் காஸ்டரை மீட்கலாம். ஆனால் மிகையான காஸ்டரும் நடுக்கத்தைத் தூண்டக்கூடும். இழுதண்டின் முனையைத் தாழ்த்தினால், பன்ஹார்டு தண்டின் முனையையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வாகனம் தன் எடையில் தரையில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டிருந்து விரைவில் கிழியும்.

ஸ்டியரிங் டாம்பர்

ஸ்டியரிங் அசைவுகளைத் தணிக்கும் டாம்பர் என்னும் உருளையைப் புதிதாக மாற்றியதும் நடுக்கம் மறைந்துவிடுவதுண்டு. இது பெரும்பாலும் தீர்வன்று. தளர்வு அப்படியே இருக்க, அதன் அறிகுறி மட்டுமே மறைக்கப்படுகிறது. தேய்மானம் தொடர்ந்து, சில மாதங்களில் நடுக்கம் மீண்டும் வரக்கூடும். பழைய பிக்கப்பை வாங்குவோர், ஏனைய பாகங்கள் பழையனவாக இருக்க டாம்பர் மட்டும் புதிதாக இருப்பின், மூட்டுகளை நன்கு சோதிப்பது நலம். ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்தப்பட்ட டாம்பர்களும் அத்தகைய ஐயத்திற்கு இடமளிப்பவையே.

ஓட்டும்போது நடுக்கம் ஏற்பட்டால்

ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, கட்டைவிரல்களை அதன் கம்பிகளுக்குள் நுழைக்காமல் வைத்து, முடுக்கியிலிருந்து காலை எடுத்து, படிப்படியாக வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும். திடீரெனத் திருப்புவதும் வேகத்தைக் கூட்டுவதும் ஆபத்தானவை. ஒருமுறை நடுங்கிய வாகனத்தின் மூட்டுகள் அந்த அதிர்வினாலேயே மேலும் சேதமடைந்திருக்கலாம். ஆகவே சோதித்துச் சரிசெய்யும் வரை அதனை நெடுஞ்சாலையில் ஓட்டாமலிருப்பதே பாதுகாப்பானது.