மென்பொருளாக்கத்தில் ‘புரொடக்ற் ஓனர்’: உரிமையும் பொறுப்பும்

கணனி மென்பொருளை ஆக்குவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் தலையாயது, எதனை ஆக்குவது என்று துணிவதேயாகும். அமெரிக்கக் கணனி அறிஞர் பிறெட்றிக் புறூக்ஸ் 1986 ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றிலும் இக்கருத்தை வற்புறுத்தியுள்ளார். எவ்வாறு ஆக்குவது என்பதற்கு நூல்கள் உள, பயிற்சியும் உண்டு. ஆனால், எதனை முதலில் ஆக்குவது, எதனை ஆக்காது விடுவது என்னும் வினாக்களுக்கு விடை பயன்படுத்துவோரிடமிருந்தும் பணம் கொடுப்போரிடமிருந்துமே வருதல் வேண்டும். அவர்களோ ஒரே குரலிற் பேசுவதில்லை. இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வாகத் தோன்றிய பதவியே ‘புரொடக்ற் ஓனர்’ என்பதாகும். ஈண்டு அதனைப் ‘பொருட்பொறுப்பாளர்’ எனக் குறிப்பிடுவோம். அப்பதவியின் தோற்றத்தையும் கடமைகளையும், அது பயன்தருவதற்கு இன்றியமையாத நிபந்தனையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

தேவைகளனைத்தையும் முதலிலே எழுதி முடித்து, பின்னர் வடிவமைத்து, ஆக்கி, இறுதியிற் சோதிக்கும் படிமுறை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 1970 ஆம் ஆண்டில் இப்படிமுறையை வரைந்து காட்டிய வின்ஸ்ரன் றோய்ஸ் என்பவரே, சோதனை இறுதிக்கு ஒதுக்கப்படுவதால் அது ஆபத்தானது என எச்சரித்தார் என்பது மனங்கொளத்தக்கது. எழுதியவை முடிவதற்குள் தேவைகள் மாறிவிடுகின்றன. பிழை வெளிப்படும்போது பணமும் காலமும் செலவாகிவிடுகின்றன.

1986 இல் யப்பானிய அறிஞர்களான தக்கேயுச்சியும் நொனாக்காவும், புதிய பொருள்களை விரைந்து ஆக்கிய குழுக்களை றகர் விளையாட்டுக் குழுவுக்கு ஒப்பிட்டு எழுதினர். அவ்விளையாட்டின் சொல்லாகிய ‘ஸ்கிரம்’ என்பதையே தமது முறைக்குப் பெயராக்கி, 1993 இல் ஜெவ் சதர்லண்ட் அதனை நடைமுறைப்படுத்தினார். 1995 இல் அவரும் கென் சுவேபரும் அதனை அறிஞரவையில் முன்வைத்தனர். 2001 பெப்புருவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திற் கூடிய பதினேழு பேர் ‘அஜைல்’ என்னும் பொதுப்பெயரின்கீழ் வெளியிட்ட பிரகடனம், வணிகத்துறையினரும் ஆக்குநரும் நாள்தோறும் கூடிப் பணியாற்றல் வேண்டும் எனக் கூறிற்று. எனினும், வணிகத்துறையின் சார்பில் முடிவு கூறுபவர் யார் என்பதை அது வரையறுக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியது ஸ்கிரம் முறையின் பொருட்பொறுப்பாளர் பதவியேயாகும்.

கடமைகள்

2010 இல் முதன்முதலாக வெளிவந்து 2020 இல் திருத்தப்பட்ட ஸ்கிரம் வழிகாட்டியின்படி, ஆக்கப்படும் பொருளின் பயனை இயன்றளவு உயர்த்துவதற்குப் பொறுப்புடையவர் இவரே. பொருளின் இலக்கை வகுத்துரைத்தல், செய்யவேண்டியவற்றைப் பணிப்பட்டியலாகத் தெளிவுற எழுதுதல், அவற்றை முன்பின்னாக வரிசைப்படுத்தல் என்பன இவருடைய கடமைகள். எழுதும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது. ஒரு மாதத்துக்கு மேற்படாத ஒவ்வொரு பணிக்கூறிலும் எவ்வளவு வேலையை ஏற்பது, அதனை எவ்வாறு செய்வது என்பவற்றை ஆக்குநரே தீர்மானிப்பர். இலக்குப் பொருளற்றுப் போகுமிடத்து அப்பணிக்கூறை இடையில் நிறுத்தும் அதிகாரம் பொருட்பொறுப்பாளருக்கு மாத்திரமே உண்டு.

இவற்றுள் வரிசைப்படுத்தலே மிகக் கடினமானது. நூலகமொன்றுக்கு இரவல் வழங்கும் முறையொன்று ஆக்கப்படுவதாகக் கொள்வோம். நூலகர் தண்டப்பணக் கணக்கை முதலில் வேண்டுவார். மாணவர் நூற்றேடலை வேண்டுவர். நிதியாளர் ஆண்டறிக்கையை வேண்டுவார். மூன்றும் நியாயமானவையே. மூன்றையும் ‘மிக அவசரம்’ எனக் குறித்து ஆக்குநரிடம் கொடுப்பவர் வரிசைப்படுத்தியவர் ஆகார். தமது கடமையை ஆக்குநர் தலையிற் சுமத்தியவரே ஆவார். ஒன்றை முதலில் வைத்து, மற்றைய இருவருக்கும் ‘இப்போதன்று’ எனக் காரணத்தோடு கூறுவதே இப்பதவியின் உண்மையான தொழில். இதனாலேயே இப்பதவியை வகிப்பவர் தனியொருவராக இருத்தல் வேண்டும், குழுவாக இருத்தலாகாது என விதிக்கப்பட்டது.

கிறைஸ்லர் தரும் பாடம்

முடிவு கூறுபவரிடம் உரிய அதிகாரம் இல்லாதவிடத்து யாது நிகழும் என்பதற்கு, அமெரிக்க மோட்டார் நிறுவனமாகிய கிறைஸ்லரின் சம்பளக் கணக்குத் திட்டம் நல்ல சான்றாகும். 1996 இல் கென்ற் பெக் அதில் இணைந்தார். ‘எக்ஸ்றீம் புரோகிராமிங்’ என்னும் முறை அங்கேயே உருப்பெற்றது. பொருட்பொறுப்பாளர் என்ற பெயர் அங்கு வழங்காவிடினும், வாடிக்கையாளரின் பிரதிநிதி ஆக்குநரோடு உடனிருந்து தேவைகளைக் கூறல் வேண்டும் என்பது அம்முறையின் விதிகளுள் ஒன்று. 1997 இல் ஏறத்தாழப் பத்தாயிரம் ஊழியரின் மாதச் சம்பளத்தை அம்மென்பொருள் கணிக்கத் தொடங்கியது. தொழில்நுட்ப நோக்கில் அது வெற்றியே.

ஆயினும் 2000 பெப்புருவரியில் திட்டம் கைவிடப்பட்டது. 1998 இல் நிறுவனம் ஜேர்மானிய டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது உள்ளிட்ட பல சூழ்நிலைகள் இருந்தன. எனினும் அதிற் பணியாற்றியோர் பின்னர் சுட்டிய காரணம் நமது ஆய்வுக்குப் பெரிதும் உரியது. ஆக்குநரோடு உடனிருந்த பிரதிநிதிகள், இயங்கிக்கொண்டிருந்த மாதச் சம்பள முறையிற் சிறு திருத்தங்களை வேண்டினர். பணத்துக்குப் பொறுப்பான முகாமையாளரோ, எஞ்சிய பழைய சம்பளக் கணனி முறைகளை நிறுத்துவதையே எதிர்பார்த்தனர். இலக்கைக் கூறியவர் ஒருவர். பொருளை அளந்தவர் இன்னொருவர். ஆக்குநர் கேட்டதைச் செய்தனர். ஆயினும் மதிப்பிட்டவர் கண்ணில் அது முன்னேற்றமாகத் தோன்றவில்லை.

முடிவுரை

எனவே, இப்பதவியை உருவாக்குவதனால் மாத்திரம் பயன் விளைந்துவிடாது. தேவையை அறிந்தவரிடத்தே தீர்மானிக்கும் அதிகாரமும் இருத்தல் வேண்டும் என்பதே இன்றியமையாத நிபந்தனை. மேலிடத்து ஆணைகளைப் பட்டியலில் எழுதுபவர் எழுதுநரே. பயன்படுத்துவோரைக் காணாது தாமே கற்பனை செய்து ஆணையிடுபவர் வெறும் அதிகாரியே. இருவரும் பொருட்பொறுப்பாளர் ஆகார். ஆங்கிலப் பெயரிலுள்ள ‘ஓனர்’ என்னும் சொல் உரிமையைச் சுட்டுகின்றது. நாம் இங்கு வழங்கிய சொல் பொறுப்பைச் சுட்டுகின்றது. உரிமையின்றிப் பொறுப்பை மாத்திரம் ஒருவர்மீது ஏற்றும் நிறுவனம், தோல்விக்குரிய பழியைச் சுமக்க ஓர் ஆளை நியமித்ததேயன்றி வேறொன்றும் செய்ததாகாது.