தோளோடு தோள்

அந்த நிழற்படத்தைக் கண்டோர் மறவார். 1964 யூலை 12 ஆந் திகதி, புய் டி டோம் என்னும் அவிந்த எரிமலையின் சரிவு, இருபுறமும் சனத்திரள். பிரான்சு தேசத்துத் துவிச்சக்கரவண்டிப் பெருஞ்சுற்றின் இரு வீரர்கள் முழங்கையோடு முழங்கை உரச மேலேறுகின்றனர்.

மஞ்சட் சட்டையினர் ஆன்கெற்றில். நான்கு முறை வாகை சூடியவர். மற்றவர் குடியானவர் மைந்தர் பூலிடோர். அன்று காலை இருவர்க்கும் இடையே 56 செக்கன்.

களைத்தவன் எதிரியின் சக்கரத்துக்குப் பின்னே ஒதுங்குவதன்றோ வழக்கம்? களைத்திருந்த ஆன்கெற்றிலோ பக்கத்திலேயே சென்றார். அவரிடம் இன்னும் வலு மிஞ்சியிருக்கின்றது எனப் பூலிடோர் நம்பிவிட்டார் என்பதே என் துணிபு. உச்சிக்கு ஒரு கிலோமீற்றரும் எஞ்சாத வேளையிற்றான் ஆன்கெற்றில் பின்தங்கினார். பூலிடோர் மீட்டவை 42 செக்கன், எஞ்சியவை 14. (அன்றைய வெற்றி ஸ்பானியரான ஹிமெனெஸுக்கு, அதை இன்று எவர் நினைக்கின்றனர்!)

நான் பூலிடோரின் கட்சி. ஆயினும், சற்று முன்னதாகப் பாயாதது அவர் பிழையே. ஆன்கெற்றில் செய்ததை வஞ்சகம் என்பாரும் உளர். மூச்சு முட்டும் வேளையிலும் முகத்திற் களைப்புக் காட்டாது ஏறுவதை வீரமென்றே நான் கொள்வேன். பாரிசில் 55 செக்கனால் வென்றவரும் அவரே.

2019 இல் மறைந்த பூலிடோர், பதினான்கு சுற்றுகளில் ஓடியும், மஞ்சட் சட்டையை ஒருநாளேனும் அணிந்தாரல்லர். 2021 இல் அவருடைய மகள்வழிப் பேரர் மத்தியூ வன் டெர் போல் அதனை ஆறு நாள் அணிந்தார்.