எலிப்பொறி கார்: வேகமா, தூரமா?

பிள்ளை பள்ளி அறிவியல் போட்டிக்கு எலிப்பொறி வேண்டும் என்று கேட்டால் பெற்றோர் திகைக்க வேண்டாம். பேட்டரியும் மோட்டாரும் இல்லாமல், பொறியின் சுருள்கம்பி விசையால் மட்டுமே ஓடும் காரைச் செய்வதற்குத்தான் அது.

பொறியின் கம்பியோடு ஒரு நீண்ட குச்சியைக் கட்ட வேண்டும். அதைக் 'கை' என்போம். கையின் நுனியில் நூலைக் கட்டி, மறுமுனையைப் பின்சக்கர அச்சில் சுற்ற வேண்டும். பொறி மூடும்போது கை அரைவட்டம் திரும்பி நூலை இழுக்கும். அச்சு சுழன்று கார் ஓடும்.

எந்தக் கை வைத்தாலும் சுருள்கம்பியில் உள்ள ஆற்றல் ஒன்றுதான். அதை ஒரே மூச்சில் செலவழித்தால் வேகம். சிறுகச் சிறுகச் செலவழித்தால் தூரம். இரண்டையும் ஒரே காரில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே போட்டி விதியைப் படித்து, எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கணக்கு இதுதான்

கையின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நூல் இழுபடும். 30 செ.மீ. கை என்றால் 60 செ.மீ. நூல். அச்சின் தடிமன் 6 மி.மீ. என்றால் அது சுமார் 32 சுற்று சுழலும். சக்கரமாகப் பழைய குறுந்தட்டைப் பொருத்தினால் ஒரு சுற்றுக்கு 37 செ.மீ.க்கு மேல் நகரும். ஆக, நூல் தீரும் வரை 12 மீட்டர். அதற்குப் பிறகும் கார் சிறிது தூரம் உருளும். கை 10 செ.மீ. ஆனால் நூலின் இழுப்பு 4 மீட்டரிலேயே முடியும். ஆனால் இழுவிசை மும்மடங்கு என்பதால் கார் சீறிப் பாயும்.

கவனிக்க வேண்டியவை

* நூலை அச்சில் முடிச்சுப் போடாதீர்கள். சிறு கொக்கியில் மாட்டினால் போதும். முடிச்சு இருந்தால் நூல் தீர்ந்ததும் அதுவே பிரேக் ஆகிவிடும்.
* வேகக் காரின் சக்கரம் வழுக்கினால், பலூன் ரப்பரை வெட்டி விளிம்பில் மாட்டுங்கள்.
* தூரக் கார் புறப்படவே இல்லை என்றால் கையைச் சற்றுக் குறையுங்கள், அல்லது அச்சில் டேப் சுற்றித் தடிமனாக்குங்கள்.
* இரண்டு அச்சுகளும் இணையாக இருக்கட்டும். கோணினால் கார் சுவரில்தான் போய் முட்டும்.
* பொறி விரலை நசுக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டப் பள்ளியானாலும் நகரப் பள்ளியானாலும் இந்தக் காருக்குத் தேவையான பொருள்கள் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும். ஜார்ஜ்டவுன் கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், விசையும் இயக்கமும் கண்ணெதிரே புரியும்.

1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கிய நாள்முதல், அளந்து பார்த்துப் பிழை திருத்தத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீவில் வேலை இருந்துவருகிறது. ஆகவே காரை நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். அளவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்தின் தூரத்தையும் குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.